பீர் வாங்க 21, ரைஃபிள் வாங்க 18: அமெரிக்காவில் மது விற்பனையும் துப்பாக்கி விற்பனையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு ‘லாக்டவுன் டிரில்’ என்ற சொல் சீக்கிரமே பழகிவிடுகிறது. துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் மூலையில் உட்காரும் பயிற்சி அது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் உண்டு. அதைக் கேள்விப்பட்ட பெற்றோர் நண்பர்கள் கூடும் இடங்களில் கேட்கிற கேள்விகள்தான் இவை. மளிகைக் கடையில் ஒயின் வாங்கப் போனால் நரைத்த தலைக்காரரிடம்கூட அடையாள அட்டை கேட்கும் நாட்டில், துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி என்ற குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது. பதில்கள் பொதுத் தகவலுக்கு மட்டுமே. உங்கள் சொந்தச் சிக்கலுக்கு உங்கள் மாநில வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பீர் வாங்க 21 வயது ஆக வேண்டும், ரைஃபிள் வாங்க 18 போதும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் முழு விவரம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபெடரல் சட்டப்படி, அதாவது நாடு முழுக்கப் பொருந்தும் மத்தியச் சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் 18 வயதானவருக்கு ரைஃபிளும் ஷாட்கன்னும் விற்கலாம். கைத்துப்பாக்கி விற்பதென்றால் வாங்குபவருக்கு 21 ஆகியிருக்க வேண்டும். இது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. அன்று ரைஃபிள் என்றால் மான் வேட்டைக்குப் போகிறவர் வைத்திருப்பது, கைத்துப்பாக்கி என்றால் ரவுடி வைத்திருப்பது என்று பார்த்தார்கள். இன்று பள்ளிகளில் நடந்த பெருங்கொலைகளில் பேசப்படும் ஏ.ஆர்-15 வகையும் சட்டத்தின் கண்ணில் ரைஃபிள்தான். 2022-ல் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்ற இளைஞன், 18-வது பிறந்தநாள் முடிந்த கையோடு சட்டப்படியே அவ்வகை ரைஃபிள்களை வாங்கியவன். அந்த மாநிலத்திலேயே அவனால் ஒரு பீர் வாங்கியிருக்க முடியாது.

சில மாநிலங்கள் வயதை உயர்த்தியிருக்கின்றன. 2018-ல் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட மறுமாதமே ஃபுளோரிடா எல்லாத் துப்பாக்கிகளுக்கும் 21 என்று சட்டம் போட்டது. மறுபக்கம், கைத்துப்பாக்கிக்கான 21 வயது வரம்பே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2025 ஜனவரியில் ஒரு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரம்பு செல்லும் என்றது. வழக்குகள் ஓயவில்லை.

மதுவுக்கு நாடு முழுக்க ஒரே வயது எப்படி வந்தது?

இது ஒரு தாயின் போராட்டத்தால் வந்தது. 1980-ல் கலிஃபோர்னியாவில் கேண்டஸ் லைட்னரின் 13 வயது மகள் கேரி, குடித்துவிட்டு ஓட்டியவனின் கார் மோதி இறந்தாள். அவன் ஏற்கெனவே அதே குற்றத்தில் பலமுறை பிடிபட்டவன். அந்தத் தாய் தொடங்கிய ‘குடிபோதை ஓட்டுநர்களுக்கு எதிரான தாய்மார்கள்’ அமைப்பு நான்கே ஆண்டில் நாடாளுமன்றத்தை அசைத்தது. மாநில உரிமை என்று முதலில் தயங்கிய அதிபர் ரீகன், 1984 ஜூலையில் குறைந்தபட்ச மது வயதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் மாநிலங்களைப் பார்த்து ‘வயதை 21 ஆக்கு’ என்று நேராக உத்தரவிடவில்லை. ஆக்காவிட்டால் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்றது. தெற்கு டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டு 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்துவிட்டன. துப்பாக்கிக்கும் இதே வழியில் நிதியைக் காட்டிப் பேரம் பேசலாமே என்று பலர் கேட்கிறார்கள். பேசலாம்தான். அதற்கு வேண்டிய வாக்குகள் நாடாளுமன்றத்தில் இதுவரை சேரவில்லை.

இரண்டையும் ஒரே துறைதானே கவனிக்கிறது? ஏ.டி.எஃப். என்ற பெயரிலேயே மதுவும் துப்பாக்கியும் இருக்கிறதே?

பெயரில் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் நான்கும் இருக்கின்றன. ஆனால் 2003 முதல் மதுவுக்கான வரியையும் உரிமத்தையும் நிதித் துறையின் கீழுள்ள தனி அலுவலகம் பார்க்கிறது. ஏ.டி.எஃப். நீதித் துறைக்குப் போய்விட்டது. கடத்தல் சாராயம் போன்ற குற்றங்கள் மட்டும் அதனிடம் மிஞ்சியிருக்கின்றன.

இரண்டும் ஒரு துறையில் சேர்ந்ததற்கு வரலாறு காரணம்: இரண்டும் வரி விஷயமாக நிதித் துறையிடம் வந்தன. 1920 ஜனவரி முதல் நாடு முழுக்க மதுவிலக்கு. கள்ளச்சாராயக் கும்பல்கள் தெருவில் இயந்திரத் துப்பாக்கியோடு மோதிக்கொண்டன. 1929-ல் சிகாகோவில் காதலர் தினத்தன்று ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றது அந்தக் காலத்துச் சம்பவம். 1933 டிசம்பர் 5-ல் மதுவிலக்கு நீங்கியது. ஏழு மாதத்துக்குள், 1934 ஜூனில், இயந்திரத் துப்பாக்கிக்கும் குழல் குட்டையான ஷாட்கன்னுக்கும் 200 டாலர் வரி போட்டு, பதிவையும் கட்டாயமாக்கிய முதல் பெரிய ஃபெடரல் துப்பாக்கிச் சட்டம் வந்தது. அன்றைக்கு 200 டாலர் என்பது துப்பாக்கியின் விலைக்கே ஈடான தொகை.

அரசியல் சட்டத்தில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வேர் இங்கேதான் இருக்கிறது. மதுவிலக்கை நீக்கிய 21-வது திருத்தம், மதுவைத் தங்கள் எல்லைக்குள் எப்படி அனுமதிப்பது என்ற அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்தது. அதனால் மிசிசிப்பி 1966 வரை மதுவிலக்கை வைத்திருக்க முடிந்தது. ஜாக் டேனியல்ஸ் விஸ்கி தயாராகும் டென்னசி மாநிலத்தின் மூர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) இன்றும் மது விற்பனைக்குத் தடையுள்ள கவுண்டிதான். ஆலைக்குப் போகிறவர்கள் நினைவுப் பொருளாகப் புட்டி வாங்கிக்கொள்ள மட்டும் வழி விட்டிருக்கிறார்கள்.

துப்பாக்கிக்கு 1791-ல் வந்த இரண்டாவது திருத்தம் இருக்கிறது. அது தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2022-ல் ப்ரூன் வழக்கில், ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாடு செல்ல வேண்டுமானால் அதற்கு நாட்டின் பழைய மரபில் முன்னுதாரணம் காட்ட வேண்டும் என்றது. ஒரு ஊர் மதுக்கடையே வேண்டாம் என்று வாக்களித்து மூடலாம். துப்பாக்கிக் கடையை அப்படி ஊரைவிட்டே விலக்க முடியாது.

ஆனாலும் ‘அரசியல் சட்டம் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கொடுமைக்காரக் கணவன் என்று நீதிமன்றம் தடையாணை போட்டவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் செல்லும் என்று 2024-ல் ரஹீமி வழக்கில் எட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். கீழே வரும் பல ஓட்டைகள் இரண்டாவது திருத்தத்தால் வந்தவை அல்ல. நாடாளுமன்றம் உட்கார்ந்து யோசித்து எழுதியவை.

கடை திறக்க எது சுலபம்?

மாநிலத்தைப் பொறுத்தது என்றாலும், பொதுவாகத் துப்பாக்கிக் கடை.

மதுவில் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று மூன்று அடுக்கு. ஒரு அடுக்கில் இருப்பவர் இன்னொன்றில் கால் வைக்கப் பெரும்பாலும் அனுமதி இல்லை. மதுவிலக்குக்கு முன்னால் பீர் ஆலைகளே சலூன்களைச் சொந்தமாக நடத்தி, ‘இன்னும் குடி, இன்னும் குடி’ என்று ஊற்றிய அனுபவத்திலிருந்து கற்ற பாடம் இது. 17 மாநிலங்களில் மொத்த விற்பனையையாவது அரசே நடத்துகிறது. பென்சில்வேனியாவில் விஸ்கி வேண்டுமானால் அரசுக் கடைக்குத்தான் போக வேண்டும், நம்மூர் டாஸ்மாக் மாதிரியே. பல ஊர்களில் மக்கள்தொகைக்கு இத்தனை லைசென்ஸ்தான் என்ற கணக்கு உண்டு. பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் இத்தனை அடி தள்ளி என்ற விதியும் உண்டு.

துப்பாக்கி வியாபாரிக்கான ஃபெடரல் லைசென்ஸ் கட்டணம் மூன்று ஆண்டுக்கு 200 டாலர், புதுப்பிக்க 90. கைரேகை, பின்னணிச் சோதனை, ஏ.டி.எஃப். அதிகாரியின் நேர்காணல் உண்டு. ஊருக்கு இத்தனை கடை என்ற ஃபெடரல் வரம்பு கிடையாது. அதைவிட முக்கியமானது லைசென்ஸ் கொடுத்த பிறகு நடப்பது. மதுக்கடைக்கு மாநில அதிகாரிகள் 21 வயது ஆகாத பிள்ளையை அனுப்பி, கடைக்காரர் அட்டை கேட்கிறாரா என்று சோதிப்பார்கள். தவறினால் அபராதம், திரும்பத் தவறினால் லைசென்ஸே போகும். துப்பாக்கிக் கடையின் கணக்கைப் பார்க்கும் வழக்கமான ஆய்வு ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது என்று 1986-ஆம் ஆண்டின் சட்டம் ஏ.டி.எஃப்.-இன் கையைக் கட்டியிருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் அந்த ஒரு தடவையும் நடப்பதில்லை. பல ஆண்டுகள் அதிகாரியே எட்டிப் பார்க்காத கடைகள் ஏராளம்.

துப்பாக்கி வாங்கும்போது கவுண்டரில் என்னதான் நடக்கிறது?

கடைக்காரர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நீட்டுவார். பெயர், முகவரி, பிறந்த ஊர், உயரம், எடை எல்லாம் எழுத வேண்டும். பிறகு ஆம், இல்லை என்று கட்டம் போட்ட கேள்விகள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? உங்கள் மேல் பெருங்குற்ற வழக்கு இருக்கிறதா? கஞ்சா உள்ளிட்ட போதைப்பொருள் உபயோகிப்பவரா? உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி செல்லுபடியானாலும் ஃபெடரல் சட்டப்படி குற்றம்தான் என்ற எச்சரிக்கையும் அச்சடித்திருக்கும். குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவரா? நீதிமன்றத் தடையாணை உள்ளதா? தற்காலிக விசாவில் வந்தவரா? பொய் எழுதினால் அதுவே ஃபெடரல் குற்றம்.

படிவம் முடிந்ததும் கடைக்காரர் எஃப்.பி.ஐ.-இன் சோதனை மையத்துக்குப் போன் செய்வார், அல்லது கணினியில் போடுவார். மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் அந்த மையம் 1998 நவம்பர் முதல் இயங்குகிறது. சில மாநிலங்களில் மாநிலக் காவல்துறை வழியாகப் போகும். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும்: விற்கலாம், விற்கக் கூடாது, பொறுங்கள். மூன்றில் ஒன்று.

பீர் வாங்கும்போது கேட்பது ஒன்றே ஒன்று, வயது. அந்த வகையில் துப்பாக்கிக் கவுண்டர் கறாரானது என்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொல்வது நியாயம்தான். பீர் வாங்க எஃப்.பி.ஐ.-க்கு யாரும் போன் போடுவதில்லை.

‘பொறுங்கள்’ என்று வந்தால்?

இங்கே முதல் ஓட்டை. மூன்று வேலை நாளுக்குள் எஃப்.பி.ஐ. ‘கூடாது’ என்று சொல்லாவிட்டால் கடைக்காரர் விரும்பினால் விற்றுவிடலாம். பின்னணிச் சோதனையைக் கொண்டுவந்த 1993-ஆம் ஆண்டின் பிரேடி சட்டத்தில் பேரம் பேசிச் சேர்க்கப்பட்ட ஏற்பாடு இது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத்தின் இமானுவேல் தேவாலயத்தில், வேதம் படிக்கக் கூடியிருந்த ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றவன் இப்படித்தான் வாங்கினான். போதைப்பொருள் வழக்கு விவரம் சரியாகக் கிடைத்திருந்தால் அவனுக்கு மறுப்பு வந்திருக்கும் என்று எஃப்.பி.ஐ. இயக்குநரே பிறகு சொன்னார். விவரம் கிடைப்பதற்குள் மூன்று நாள் முடிந்துவிட்டது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும், சந்தேகம் இருந்தால் பத்து வேலை நாள் வரை விசாரிக்கலாம் என்று 2022-ல் திருத்தினார்கள்.

மதுக்கடையில் இதற்கு இணையாக ஒன்று உண்டா என்று யோசித்துப் பாருங்கள். அட்டையைச் சரிபார்க்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை, அதனால் பையனிடம் புட்டியைக் கொடுத்தேன் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லித் தப்ப முடியாது.

கடையில் வாங்காமல் தனியாரிடம் வாங்கினால்?

ஃபெடரல் சட்டப்படி, வியாபாரமாகச் செய்யாத தனிநபர் அதே மாநிலத்தில் இருக்கும் இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்கலாம். படிவம் வேண்டாம், சோதனை வேண்டாம். வாங்குபவர் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ விற்பதுதான் குற்றம். கலிஃபோர்னியா, கொலராடோ, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. டெக்சாஸில் அப்படி இல்லை.

இதை மதுவோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் விஸ்கிப் புட்டியை லைசென்ஸ் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசுக்கு விற்பது அநேகமாக எல்லா மாநிலங்களிலும் குற்றம்.

விற்ற பிறகு விற்றவருக்குப் பொறுப்பு உண்டா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

பாரில் ஒருவர் தள்ளாடுகிறார், நாக்கு குழறுகிறது. இருந்தும் பார்டெண்டர் இன்னும் இரண்டு ஊற்றுகிறார். குடித்தவர் வெளியே போய்க் காரை எடுத்து ஒரு குடும்பத்தின் மேல் மோதுகிறார். பெரும்பாலான மாநிலங்களில் அந்தக் குடும்பம் ஓட்டியவர் மேல் மட்டுமல்ல, பார் மேலும் வழக்குப் போடலாம். டெக்சாஸ் சட்டப்படி, தனக்கும் பிறருக்கும் ஆபத்து என்று வெளிப்படையாகத் தெரியும் அளவுக்குப் போதையில் இருப்பவருக்கு ஊற்றினால் கடை பொறுப்பு. இழப்பீடு கோடிக்கணக்கில் போகும் என்பதால் இன்சூரன்ஸ் நிறுவனங்களே பார்களை விரட்டுகின்றன: ஊழியருக்குப் பயிற்சி கொடு, கணக்கு வைத்துக்கொள், போதையில் இருப்பவருக்கு டாக்ஸி கூப்பிடு. அதிகாரி வந்து நிற்காத இரவிலும் அந்தப் பயம் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறது.

துப்பாக்கியிலும் இந்தப் பயம் வந்துகொண்டிருந்தது. 2002 அக்டோபரில் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் இருவர் மறைந்திருந்து சுட்டதில் பத்து பேர் இறந்தார்கள். பெட்ரோல் போட நின்றவர், புல் வெட்டிக்கொண்டிருந்தவர் என்று யார் என்னவென்றே பார்க்காமல் சுட்டார்கள். அந்த ரைஃபிள் டக்கோமா நகரத்தின் ஒரு கடையிலிருந்து வந்தது. அது எப்படி வெளியே போனது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. அதோடு சேர்த்து 200-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கு இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2004-ல் கடையும் தயாரிப்பாளரும் சேர்ந்து சுமார் 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசமானார்கள்.

அடுத்த ஆண்டே, 2005 அக்டோபரில், நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சட்டப்படி விற்ற துப்பாக்கியை யாரோ குற்றத்துக்குப் பயன்படுத்தினால், தயாரித்தவர் மேலும் விற்றவர் மேலும் பொதுவாக வழக்குப் போட முடியாது. சில விலக்குகள் உண்டு. தெரிந்தே சட்டத்தை மீறி விற்றிருந்தால், ஆபத்தான ஆள் என்று அறிந்தும் கொடுத்திருந்தால் வழக்கு நிற்கும். சாண்டி ஹூக் பள்ளியில் 2012-ல் இருபது குழந்தைகளை இழந்த குடும்பங்களில் சிலர், விளம்பர முறைகேடு என்ற ஒரே விலக்கைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் போராடி 2022-ல் துப்பாக்கித் தயாரிப்பாளரான ரெமிங்டனின் இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் 7.3 கோடி டாலர் பெற்றார்கள். ஆனால் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மேல் மெக்சிகோ அரசு தொடுத்த வழக்கை இதே சட்டத்தைக் காட்டி 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது.

இதோடு இன்னொன்று. வீட்டுப் பொருள்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் ஆணையம் பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்லலாம். நிஜத் துப்பாக்கி அதன் வரம்பிலேயே இல்லை.

பார்டெண்டருக்கு உள்ள பொறுப்பைத் துப்பாக்கிக் கடைக்காரருக்கும் வைத்தால் யாருடைய உரிமையும் பறிபோகாது. துப்பாக்கி வாங்கும் தகுதியுள்ளவர் அப்போதும் வாங்கலாம். கணக்கில்லாமல் 200 துப்பாக்கி காணாமல் போகும் கடைதான் மூடும். மது விஷயத்தில் இந்த நாடு கண்டுபிடித்த நல்ல வழியை, துப்பாக்கி விஷயத்தில் மட்டும் சட்டம் போட்டு அடைத்தது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று கணினியில் தட்டினால் தெரியாதா?

தெரியாது. படத்தில் காட்டுவது போல் நடப்பதில்லை. நாடு தழுவிய துப்பாக்கிப் பதிவேட்டையே 1986 சட்டம் தடை செய்கிறது. சோதனை முடிந்து ‘விற்கலாம்’ என்று வந்த விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்தில் அழித்துவிட வேண்டும். அதனால் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் ஏ.டி.எஃப். மையத்தில் ஊழியர் வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரைத் தொடர்புகொள்வார். அவர் மொத்த வியாபாரியைச் சொல்வார். மொத்த வியாபாரி கடையைச் சொல்வார். கடைக்காரர் தன் கோப்பில் 4473 படிவத்தைத் தேடி எடுத்து முதலில் வாங்கியவரைச் சொல்வார். அவர் வேறு யாருக்காவது விற்றிருந்தால் பல மாநிலங்களில் தடம் அங்கேயே நின்றுவிடும். கடை மூடிவிட்டால் அதன் காகிதங்கள் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வரும். அவற்றைப் படமெடுத்து வைப்பார்கள், ஆனால் பெயர் போட்டுத் தேடும் வசதி வைக்கக் கூடாது. பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர் துப்பாக்கி வாங்க முடியுமா?

ஃபெடரல் சட்டப்படி முடியும். கஞ்சா பிடிப்பவருக்குத் தடை, மதுவுக்கு அடிமையானவருக்கு இல்லை. குடித்துவிட்டு ஓட்டிப் பலமுறை பிடிபட்டிருந்தாலும் அது பெருங்குற்றமாகத் தண்டிக்கப்படாதவரை ஃபெடரல் படிவத்தில் தடையாக வராது. பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்கள் தனியாக விதி வைத்திருக்கின்றன. அங்கே ஐந்து ஆண்டுக்குள் மூன்று முறை குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றால் துப்பாக்கி வாங்க முடியாது.

டெக்சாஸில் பார் வாசலில் சிவப்பு எழுத்தில் ‘51%’ என்று ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிற இடம் என்று பொருள். அதற்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்ற மாநிலத்திலேயே இந்தப் பலகையும் இருக்கிறது. மதுவும் துப்பாக்கியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டிலேயே தயாரிக்கலாமா?

பீரும் ஒயினும் சொந்த உபயோகத்துக்கு வரம்புக்குள் தயாரிக்கலாம். பீரென்றால் இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன். விஸ்கி, பிராந்தி வடிப்பதை ஃபெடரல் சட்டம் நெடுங்காலமாகக் குற்றமாக வைத்திருக்கிறது. 2024-ல் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று அந்தத் தடையைக் கேள்விக்குள்ளாக்கியது.

துப்பாக்கியைச் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை. உதிரிப் பாகங்களாக விற்கும் கிட்டுகளுக்கு வரிசை எண்ணும் பின்னணிச் சோதனையும் வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டின் விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. அந்த விதி வருவதற்கு முன், வரிசை எண் இல்லாத ‘பேய்த் துப்பாக்கி’ கிட்டாகத் தபாலில் வந்து இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை விஸ்கி கிடைக்காது, துப்பாக்கி கிடைக்கும் என்பது?

டெக்சாஸில் ஆம். அங்கே மதுக்கடைகள் ஞாயிறு மூடியிருக்கும். பீரும் ஒயினும் மட்டும் மளிகைக் கடைகளில் காலை 10 மணிக்கு மேல். மற்ற நாளிலும் மதுக்கடை இரவு 9 மணிக்கு மூடிவிடும். துப்பாக்கிக்கு நேர வரம்பு இல்லை. கலிஃபோர்னியா பத்து நாள், ஃபுளோரிடா மூன்று நாள் என்று காத்திருக்கச் சொல்லும் மாநிலங்கள் சில உண்டு. இந்தக் காத்திருப்பு கோபத்தையும் மனச்சோர்வையும் ஆற விடுகிறது. அடுத்த பதிலைப் படித்தால் அது ஏன் முக்கியம் என்று தெரியும்.

எதனால் அதிகம் பேர் சாகிறார்கள்?

மதுவால். இதை மறைக்கக் கூடாது. மிகையான குடியால் ஆண்டுக்குச் சுமார் 1,78,000 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2020–21-க்குக் கணக்கிட்டது. ஈரல் நோய், புற்றுநோய், விபத்து எல்லாம் சேர்த்து. துப்பாக்கியால் 2021-ல் 48,830 பேர், 2023-ல் 46,728 பேர். அந்த 2023 கணக்கில் 27,000-க்கும் மேல் தற்கொலை. செய்தியில் வருவது கொலை, வீடுகளுக்குள் அதிகம் நடப்பது தற்கொலை.

ஆகவே மதுச் சட்டம் வெற்றி, துப்பாக்கிச் சட்டம் தோல்வி என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. விஸ்கிக்கான முழு ஃபெடரல் வரி விகிதம் 1991-லிருந்து உயரவே இல்லை. விலைவாசியோடு பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துதான் வருகிறது. ஆனால் சட்டம் குறிவைத்த இடத்தில் பலன் தெரிகிறது. குடிபோதை ஓட்டுநர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் 1982-ல் 21,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019-ல் அது சுமார் 10,000. பெருந்தொற்றுக் காலத்தில் மறுபடி ஏறி, 2023-ல் 12,429. இதற்கிடையே சாலையில் கார்கள் எவ்வளவு பெருகின என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா?

பொதுவாக முடியாது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. நண்பர்களோடு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் வரலாம். அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் வேறு போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உங்கள் குடியேற்ற நிலையே போய்விடக்கூடும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மதுவுக்கு விசா ஒரு பொருட்டே இல்லை, பாஸ்போர்ட்டில் வயது 21 இருந்தால் போதும்.

இந்தியாவில் எப்படி?

அமைப்பே தலைகீழ். இந்திய அரசியல் சட்டத்தில் மது மாநிலப் பட்டியலில், ஆயுதம் மத்தியப் பட்டியலில். அதனால்தான் குஜராத்தில் மதுவிலக்கு, தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில். துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். அங்கே கடைக்குப் போவதற்கு முன்பே ஆட்சியரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ, ஏன் வேண்டும் என்று காரணம் காட்டி உரிமம் வாங்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான். தமிழ்நாட்டில் மதுவுக்கும் வயது 21, துப்பாக்கி உரிமத்துக்கும் வயது 21.

பிள்ளையை நண்பர் வீட்டுக்கு அனுப்பும்போது ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா’ என்று கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லை. கேளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறது என்று சொல்லும்போதே, ‘துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?’ என்று சேர்த்துக் கேட்டால் போதும். பொறுப்பான துப்பாக்கிக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டியைக் காட்டுகிறவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்த சிறுவர்களுக்கு மது கொடுத்த பெரியவர்களைப் பல மாநிலங்கள் நீண்ட காலமாகத் தண்டித்து வருகின்றன. துப்பாக்கியில் அந்தப் பொறுப்பு இப்போதுதான் வருகிறது. 2021-ல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனின் பெற்றோர், அவனுக்குக் கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்துப் பூட்டாமல் விட்டதற்காக, 2024-ல் ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். அந்த ஆண்டிலிருந்து மிச்சிகனில் சிறுவர்கள் வரக்கூடிய வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது சட்டக் கடமை. உங்கள் மாநிலத்தில் அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் நண்பர் வீட்டு வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை உள்ளே அனுப்புங்கள்.